ஆள் இல்லாத படங்கள்

எல்ல ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைச் சுபைறா குடும்பக் குழுவில் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அரை மணி நேரத்துக்குள் நாற்பத்தொரு பேர் மெச்சிவிட்டார்கள். கட்டாரில் இருந்த மருமகன் மூன்று இதயங்கள் போட்டிருந்தான். அக்கரைப்பற்று மாமி எழுதத் தெரியாதவர். அவர் குரலை அனுப்பியிருந்தார்: "புள்ள, இது எங்கட நாடா? மாஷா அல்லாஹ், சீமை மாதிரியெல்லோ இரிக்கி!"

சுபைறா வெட்டுமேசையில் கறுப்புத் துணியை விரித்துவிட்டு, கத்தரிக்கோலைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. வயது நாற்பத்தாறு. இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்று ஒருத்தியைக் கட்டிக்கொடுத்தவள். இப்படித் துள்ளுவது சரியா என்று அவளுக்கே கேள்வி இருந்தது. துள்ளல் அதற்காக நிற்கவில்லை.

மருதமுனையில் அபாயா தைப்பதுதான் அவள் தொழில். கணவர் முனாஸ் வாடகை வேன் ஓட்டுபவர். மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவள் மட்டக்களப்பைத் தாண்டியதில்லை. இளைய மகள் நிப்லா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் சோறாக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் முனாஸ் சொன்னார்: "பொம்புளையள்ற ஹயர் ஒண்டு வந்திரிக்கி, நுவரெலியாவுக்கு. முன் சீட்டு சும்மாதானே போகுது. வாவன்."

போனாள். உலக முடிவு என்ற இடத்தில் எல்லோரும் நடந்து போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தாக்கு இருந்த இடம் முழுக்க வெள்ளைப் பஞ்சாக இருந்தது. கூட வந்த பெண்கள், இதற்கா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று திட்டிக்கொண்டு திரும்பினார்கள். சுபைறா மட்டும் நின்றாள். இருபது நிமிடம் நின்றிருப்பாள். திரையை யாரோ நடுவில் பிடித்து இழுத்ததுபோல மூட்டம் விலகியது. கீழே, நம்ப முடியாத ஆழத்தில், தேயிலைத் தோட்டமும் ஒரு கோயிலும் தெரிந்தன. அவள் கை தானாகப் போனை எடுத்தது. அந்த ஒரு படம்தான் தொடக்கம். அதற்குப் பிறகு அவள் முன் சீட்டை விட்டுக்கொடுத்ததே இல்லை.

அவள் எடுத்த எல்லாப் படங்களும் நல்லவை என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் யாரும் எடுக்கக்கூடியவை. ஆனால் சிலவற்றில் ஒரு தனித்தன்மை இருந்தது. அவற்றில் ஆள் இல்லை. சிகிரியாவின் சிங்கப் பாதத்தில் ஆள் இல்லை. தேவேந்திரமுனை வெளிச்சவீட்டின் அடியில் ஆள் இல்லை. எந்த நேரமும் சனம் மொய்க்கும் இடங்கள், உலகம் படைக்கப்பட்ட மறுநாள் போலக் கிடந்தன.

அதற்குக் காரணம் கலை அல்ல, தொழில். வேனில் வருகிறவர்கள் பிறர் வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருத்தியின் முகம் எங்காவது ஒரு குழுவில் சுற்றியது என்றால் முனாஸின் வேனில் மறுபடி யாரும் ஏற மாட்டார்கள். ஆகவே சுபைறா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பெண்கள் கேட்டால் படம் எடுத்துக் கொடுப்பாள். எடுத்ததை அவரவர் போனுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே தன் போனிலிருந்து அழித்துவிடுவாள். "பாத்துக்கங்க, போயிட்டு" என்று திரையைக் காட்டுவாள். தனக்கென்று எடுப்பதில் ஒரு நிழல்கூட விழாமல் பார்த்துக்கொள்வாள். தங்குமிடத்தில் விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டு, மற்றவர்கள் மறுபடி படுக்கிற நேரத்தில், கணவனும் மனைவியும் புறப்பட்டுவிடுவார்கள். உல்லாசப் பயணிகள் எழும்பிப் பல் விளக்குவதற்குள் அவள் வேலை முடிந்துவிடும்.

அந்த ஞாயிறு எட்டரை மணிக்குக் குழுவில் றிபாஸின் செய்தி வந்து விழுந்தது.

றிபாஸ் அவளுடைய சாச்சியின் மகன், தம்பி முறை. கல்முனையில் போன் கடை வைத்திருப்பவன். குடும்பத்தில் யாருடைய போன் செத்தாலும் அவனிடம்தான் கொண்டு போவார்கள். அந்த உரிமையில் அவன் எழுதியிருந்தான்: "ராத்தா, குறை நினைக்காதீங்க. இந்தப் படம் கூகுள்ல இரிக்கி. இல்லாட்டி ஏஐல செஞ்சது." கீழே அதே பாலம், அதே கோணம், இணையத்திலிருந்து எடுத்த வேறொருவரின் படம், சிவப்பு வட்டம் போட்டு. அதற்கும் கீழே: "எல்லயில எந்த நேரமும் ஐந்நூறு பேர் நிப்பான். இதுல ஒரு காக்கா கூட இல்ல. எப்பிடி?"

குழுவில் ஒருவர் சிரிப்பு முகம் போட்டார். இன்னொருவர், "நானும் யோசிச்சன்தான்" என்றார். மெச்சியவர்களில் ஆறு பேர் மெச்சியதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சுபைறா எண்ணினாள்.

றிபாஸிடம் வஞ்சகம் இல்லை. நல்ல படம் நல்ல போனிலிருந்து வரும் என்பது அவனுடைய நம்பிக்கை. சுபைறாவின் போனை விற்றவன் அவன்தான், அதுவும் பழைய போனாக. அதன் கண்ணாடி மூலையில் வெடித்திருந்ததும், கமெரா எவ்வளவு மட்டம் என்பதும் அவனுக்குத்தான் தெரியும். பாலத்தை எல்லோரும் ஒரே பாறையில் ஏறி நின்றுதான் எடுக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது, அவன் எல்லவுக்குப் போனதில்லை.

"ஒரிஜினலக் காட்டிரு, முடிஞ்சிது. அதுல தேதியெல்லாம் இரிக்கும்" என்றார் முனாஸ்.

சுபைறா போனை வெட்டுமேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன?"

"அழிச்சிட்டன்."

"எத?"

"எல்லாத்தையும்தான். போன் நிறைஞ்சிட்டு எண்டு எந்த நேரமும் கத்துது. குரூப்ல போட்டா அங்க பத்திரமா இரிக்கும்தானே எண்டு நினைச்சன்."

முனாஸ் தலையில் கைவைத்தார். குழுவில் போட்ட படம் சுருங்கிவிடும், நாளும் நேரமும் உதிர்ந்துவிடும் என்பதை மாலையில் நிப்லாதான் போனில் விளக்கினாள். ஆட்கள் நின்ற படங்கள் ஏதாவது மிஞ்சியிருந்தால் சாட்சியாக இருந்திருக்கும். அவற்றைத்தான் அவள் முதல் வேலையாக, எல்லோர் கண்முன்னாலும் அழித்துவந்தாள். கூட வந்த பெண்களைக் கேட்கலாம் என்றால், அந்த நேரத்தில் அவர்கள் நித்திரை. முனாஸ் பார்த்திருக்கிறார். புருசன் சொல்லும் சாட்சியை யார் எடுப்பார்கள்?

ஓர் இடத்தைக் கண்டேன் என்று சொல்ல மனிதருக்கு முன்பெல்லாம் வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது. பிறகு சொல்லுக்குச் சாட்சியாகப் படம் வந்தது. இப்போது படத்துக்கே சாட்சி கேட்கிற காலம். சுபைறாவிடம் மறுபடியும் மிஞ்சியது வாய்ச்சொல்தான்.

குடும்பக் குழுவோடு நின்றிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்முனையில் வாசகர் வட்டம் ஒன்று பயணப் படங்களின் கண்காட்சி வைக்க இருந்தது. சுவரின் ஒரு பக்கத்தில் அவளுடைய பன்னிரண்டு படங்கள், கீழே அவள் பெயர். தேர்ந்தெடுத்தவர் புண்ணியமூர்த்தி, ஓய்வுபெற்ற சித்திரப் பாட ஆசிரியர். அவர் எதையும் நன்று என்று சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. அவள் அனுப்பிய அறுபது படங்களையும் பார்த்து, "பன்னிரண்டு தொங்கவிடலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை அவள் மூன்று வாரமாகச் சுமந்துகொண்டு திரிந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போதும் அதுதான். பன்னிரண்டு தொங்கவிடலாம்!

றிபாஸின் செய்தியை யாரோ அவருக்கும் அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார்.

"தங்கச்சி, ஒரிஜினல் இருக்கா?"

"இல்ல சேர். அழிச்சிட்டன்."

"நீங்க பொய் சொல்றீங்க எண்டு நான் சொல்லல்ல. ஆனா சந்தேகம் உள்ள படத்த நான் சுவரில ஏத்த மாட்டன். நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா என்னட்ட பதில் இருக்க வேணும்."

முனாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுபைறா முந்திக்கொண்டாள்.

"சேர், வியாழக்கிழமை உங்களுக்கு வேலை இரிக்கா?"

"இல்ல. ஏன்?"

"இங்கினியாகலைக்குப் போவம். சேனநாயக்க சமுத்திரக் குளத்துல இந்த மாசம் யானை நீந்தும். நான் எடுக்கிறன், நீங்க பாருங்க. றிபாஸையும் கூட்டிட்டு வாறன். எந்த போனால எடுக்கிறன், எப்பிடி எடுக்கிறன் எண்டு அவனும் பக்கத்துல இரிந்து பாக்கட்டும்."

"யானை வராட்டி?"

"வராட்டி என்ட படம் ஒண்டும் ஏத்தாதீங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

முனாஸ் அவளைப் பார்த்த பார்வையில் பாதி பயம், பாதி பெருமை.

வியாழக்கிழமை சுபஹு தொழுத கையோடு வேன் புறப்பட்டது. றிபாஸ் புதுப் போனோடு வந்திருந்தான். மூன்று கமெராக் கண்கள் வைத்த, கடையிலேயே விலை கூடிய போன்.

"ராத்தா, கோவமா?"

"கோவம் இல்லடா. யானைக்கு முன்னால கதைச்சிக்குவம்."

"யானை வருமா எண்டு கேளுங்க முதல்ல."

"அதுக்கு ஒன்ட கடையிலயா நம்பர் எடுத்திரிக்கி, போன் எடுத்துக் கேக்க?" என்றார் முனாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அம்பாறையைத் தாண்டும்போது வயல்களின் மேல் வெளிச்சம் படரத் தொடங்கியிருந்தது. சுபைறா கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். "இந்த வெளிச்சம், இந்த வெளிச்சம்!" என்று இரண்டு முறை சொன்னாள். பின் சீட்டில் புண்ணியமூர்த்தி கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

ஆறரைக்குப் படகு ஏறினார்கள். ஆளுக்கொரு செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி கட்டவேண்டியிருந்தது. றிபாஸின் வயிற்றில் அது பூட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. படகோட்டி சிங்களவர். முனாஸ்தான் அவரோடு கதைத்தார். நேற்று இரண்டு யானை நீந்தியதாம். முந்தாநாள் ஒன்றும் இல்லையாம்.

தண்ணீர் முகம் பார்க்கலாம் போல அசையாமல் கிடந்தது. நீருக்குள் பட்ட மரங்கள் நின்றன. ஒவ்வொரு கொப்பிலும் நீர்க்காகம். றிபாஸ் எல்லாவற்றையும் எடுத்தான். காகம், மரம், மலை, படகின் மூக்கு, தன் முகம். முதல் மணித்தியாலத்திலேயே இருநூறு தாண்டிவிட்டது. சுபைறா நான்கு எடுத்தாள். ஒருமுறை கழுகு ஒன்று மரத்தில் வந்து குந்தியது. அவள் போனைத் தூக்கினாள், பார்த்தாள், இறக்கினாள்.

"ஏன் எடுக்கல்ல?" என்று கேட்டார் புண்ணியமூர்த்தி.

"அந்தப் படகு போகட்டும், சேர்."

தூரத்தில் இன்னொரு படகு, கழுகுக்குப் பின்னால். அது விலகக் கால் மணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் கழுகு பறந்துவிட்டது. அவள் முகம் வாடவில்லை. புண்ணியமூர்த்தி தாடையைத் தடவிக்கொண்டார்.

எட்டரை மணி. வெயில் ஏறிவிட்டது. படகோட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முனாஸ் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். சுபைறாவின் விரல்கள் உயிர்காப்பு அங்கியின் ஓரத்தை, தையலைப் பரிசோதிப்பதுபோல, மடித்து மடித்து விரித்தன. இந்தச் சமுத்திரத்துக்கு அவளுடைய அவசரம் தெரியாது. பன்னிரண்டு படங்கள் ஒரு மிருகத்தின் மனதில் தொங்கிக்கொண்டிருந்தன.

திடீரென்று படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். கையை நீட்டினார்.

தண்ணீருக்கு மேலே இரண்டு குழாய்கள் வந்துகொண்டிருந்தன. குழாய்களுக்குக் கீழே இரண்டு கறுப்பு மேடுகள். பெரிய யானை முன்னால், சிறியது அதன் முதுகைத் தொட்டபடி பின்னால். தீவிலிருந்து தீவுக்கு, தெரு கடப்பதுபோல. மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது.

"யா அல்லாஹ்!" என்றான் றிபாஸ். அடுத்த கணம் எழுந்து நின்றுவிட்டான். போனை ஒரு கையில் தூக்கி, மறு கையைத் தலையில் வைத்து, வாயைப் பிளந்துகொண்டு. "சுப்ஹானல்லாஹ்! எடுங்க ராத்தா, எடுங்க! ஐயோ நீந்துதுடா! இங்க பாருங்கடா, நீந்துது!"

படகு ஆடியது. "வாடி வென்ன! வாடி வென்ன!" என்று படகோட்டி கத்தினார்.

"இரிக்கச் சொல்றான்டா!" முனாஸ் அவனுடைய அங்கியைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை. அந்த மனிதன் இந்த உலகத்தில் இல்லை.

சுபைறாவின் திரையில் யானைகளுக்கும் அவளுக்கும் நடுவே செம்மஞ்சள் நிறத்தில் அவன் நின்றான். அவள் காத்திருந்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள், அங்கேயும் அவன். வலப்பக்கம் படகின் விளிம்பு. பெரிய யானையின் முதுகு உயரத் தொடங்கியது. கால் தரை தட்டிவிட்டது. இன்னும் பத்து அடி, காட்டுக்குள் போய்விடும். மூன்று வருடமாக ஓர் ஆளையும் அவள் தன் படத்துக்குள் விட்டதில்லை.

அழுத்தினாள்.

ஒன்றே ஒன்று. இரண்டாவதுக்கு முன் படகு ஒருபக்கம் சரிந்தது. முனாஸின் இழுப்பில் றிபாஸ் விழுந்தான். எல்லோரும் எழும்பிப் பார்த்தபோது கரையில் மரக்கிளைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் றிபாஸ் தன் போனை ஆவேசமாகத் தேய்த்தான். முப்பது படங்களில் முழுக்க நீலமும் ஒரு கறுப்புக் கறையும். கைநடுக்கத்தில் கறையும் இரண்டாகத் தெரிந்தது. "ராத்தா, உங்கடதக் காட்டுங்க."

காட்டினாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அல்லாஹ்வே! இது நானா? அழிங்க ராத்தா, இத அழிங்க!"

அதைத் தவிர யானை இருந்த படம் வேறில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய வழக்கமும் தெரியும். முனாஸ் மனைவியைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. சுபைறா போனை நீட்டினாள்.

"இந்தா. ஆள் உள்ள படம் அந்த ஆளுக்குத்தான் சொந்தம். வேணாமெண்டா நீயே அழி."

அவன் வாங்கினான். பெருவிரல் குப்பைக்கூடைப் படத்தின் மேல் நின்றது. பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான். தும்பிக்கை நுனியில் தெறித்த நீர்த்துளி. சிறிய யானையின் கண். அதற்கு முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ கண்டுவிட்ட ஒரு மனிதனின் பிளந்த வாய்.

"மச்சான், நான் இப்பிடியா நிண்ட?"

"இதவிட மோசமா நிண்ட. அவ இரக்கப்பட்டு எடுத்திரிக்கா" என்றார் முனாஸ்.

"கடைக்கு வாறவனெல்லாம் சிரிப்பானுகள்." சற்றுப் பொறுத்து, "ராத்தா, வயித்த மட்டும் வெட்டேலாதா?"

"வயித்த வெட்டினா யானையும் போகும்டா."

கரை வந்தது. வேனில் ஏறிய பிறகும் போனை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. இங்கினியாகலைச் சந்தியில் முனாஸ் தேநீருக்காக வேனை ஓரம் கட்டினார். அங்கேதான் சிக்னல் கிடைத்து றிபாஸின் போனுக்கு உயிர் வந்தது. படத்தைத் தன் போனுக்கு எடுத்து, குழுவில் போட்டான். கீழே எழுதி, எல்லோருக்கும் கேட்க வாசித்தான்: "வாயப் பொளந்து நிக்கிறது நான்தான். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சிக்கங்க. இது ராத்தா எடுத்தது. நான் வித்த போனால எடுத்தது. மத்தப் படங்களும் அவ எடுத்ததுதான்."

"தம்பி, மற்றப் படங்கள எடுக்கேக்க நீங்க நிக்கல்லயே" என்றார் புண்ணியமூர்த்தி. "பாக்காததுக்கு எப்பிடிச் சாட்சி சொல்றது?"

றிபாஸ் யோசித்தான். அவன் இவ்வளவு நேரம் யோசித்து யாரும் கண்டதில்லை.

"படத்தப் பாக்கல்ல, சேர். அவ காத்திட்டிரிந்ததப் பாத்தன். ரெண்டு மணித்தியாலத்துல நாலு படம். ஒரு கழுகையே விட்டுட்டா. இவ்வளவு பொறுமை உள்ள மனுசிக்கு என்னத்துக்குக் களவெடுத்த படம்?"

புண்ணியமூர்த்தி தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"பன்னிரண்டுக்குத்தான் சுவரில இடம் விட்டிருந்தன்" என்றார், பஸ் பிந்திவிட்டது என்று சொல்லும் குரலில். "இன்னொரு ஆணி அடிக்கலாம்."

அதன் பொருள் சுபைறாவுக்கு உறைக்க இரண்டு மூச்சு எடுத்தது. தேநீரை அப்படியே முனாஸின் கையில் திணித்துவிட்டு, றிபாஸிடமிருந்து போனைப் பறித்துக்கொண்டு வேனைச் சுற்றி ஓடினாள். பேராதனையில் நிப்லா விரிவுரைக்குள் இருப்பாள் என்ற நினைவு அவளுக்கு வரவே இல்லை.

"நிப்லா! உம்மாட படம் தொங்கப் போகுதுடி! பதின்மூணு! ஓம்டி, பதின்மூணு! யானையும் இரிக்கி, ஒன்ட றிபாஸ் மாமாவும் இரிக்கி!"

கடை வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை.